பிக்கப் டயர்ல 80 அடிக்கணுமா, 50 போதுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஹெவி டியூட்டி பிக்கப் டயர் பத்தித்தான், அதனால மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்திருக்கேன்.

கேள்வி: சார், என்னோடது முக்கால் டன் வகுப்பு டீசல் பிக்கப். டிரைவர் கதவைத் திறந்தா உள்ள இருக்குற ஸ்டிக்கர்ல முன்னாடி 60, பின்னாடி 80ன்னு போட்டிருக்கு. டயர் சைடுல 80ன்னு இருக்கு. டயர் மாத்தின இடத்துல நாலுக்கும் 80 வச்சு அனுப்பிட்டாங்க, காலி வண்டியா ஓட்டுறப்ப ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பு ஒடியுது. எதைத்தான் நம்புறது?

பதில்: டயர் சைடுல இருக்குற 80 உங்களுக்கான நம்பரே இல்லங்க. அந்த வரியை முழுசா படிச்சுப் பாருங்க, அதிகபட்சம் இவ்ளோ கிலோ, அதுக்கு டயர் ஆறியிருக்கும்போது 80 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு), அப்படின்னு ரெண்டும் சேர்ந்துதான் இருக்கும். அந்த டயரோட உச்ச சுமையைத் தூக்க எவ்ளோ காத்து வேணும்ங்கிற கணக்கு அது. டயர் கம்பெனிக்காரனுக்கு அதை நீங்க எந்த வண்டியில மாட்டப் போறீங்க, பின்னாடி என்ன ஏத்தப் போறீங்கன்னு எப்படித் தெரியும்? அவன் டயரைப் பத்தி மட்டும்தான் சொல்றான். ஸ்டிக்கர் ஒட்டினவன் வண்டியைப் பத்தி சொல்றான். அதனால ரெண்டுல ஒண்ணைத்தான் நம்பணும்னா கண்ணை மூடிக்கிட்டு ஸ்டிக்கர் பக்கம் நில்லுங்க. முன்னாடி 80ல இருந்து 60க்கு இறக்குங்க, உங்க இடுப்பு வலியில பாதி அங்கயே போயிடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். லோடைத் தூக்குறது ரப்பர் இல்ல, உள்ள இருக்குற காத்து. ரப்பரும் கம்பியும் அந்தக் காத்தைப் பிடிச்சு வைக்கத்தான் இருக்கு. எல்டி245/75ஆர்16ன்னு (எல்டின்னா லைட் டிரக்) ஒரு சைஸ் எடுத்துக்குவோம், பழைய ஹெவி டியூட்டி வண்டிங்கள்ல நிறைய இருக்கும். லோட் ரேஞ்ச்ங்கிறது டயரோட பலத்தைச் சொல்ற எழுத்து. இதுல லோட் ரேஞ்ச் சி டயர் 50 பிஎஸ்ஐல 1000 கிலோ தாங்கும், லோட் ரேஞ்ச் ஈ டயர் (பத்து ப்ளைன்னு சொல்றது) 80 பிஎஸ்ஐல 1380 கிலோ தாங்கும். சரி, ஈ டயரே வாங்கி மாட்டிட்டு 50 மட்டும் வச்சு ஓட்டினா எவ்ளோ தாங்கும்? அதே 1000 கிலோதான். அந்த 380 கிலோ பூராவும் நீங்க அடிக்காம விட்ட 30 பிஎஸ்ஐல இருக்கு. "நான் பத்து ப்ளை டயர் போட்டிருக்கேன், எவ்ளோ வேணா ஏத்தலாம்"னு சொல்லிக்கிட்டு 50ல ஓட்டுறவங்களைப் பார்த்தா எனக்கு பக்குன்னு இருக்கும்.

அப்ப ஸ்டிக்கர்ல ஏன் பின்னாடி 80ன்னு போட்டான்னா, பின் ஆக்சில் தாங்கக்கூடிய முழு சுமையை நீங்க ஏத்தினாலும் டயர் தாங்கணும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கான். நீங்க வருஷத்துல முக்கால்வாசி நாள் காலியாத்தான் ஓட்டுறீங்கன்னா பின்னாடி அந்த 80 ரொம்ப ஜாஸ்திதான். ரோட்டுல படுற ட்ரெட்ல நடுப்பகுதி மட்டும் தேயும், மழையில காலி வண்டி பின்பக்கம் சறுக்கும், சரளை ரோட்டுல துள்ளும். வண்டி மேனுவல்லயோ ஸ்டிக்கர்லயோ லைட் லோடுக்குன்னு தனியா ஒரு நம்பர் கொடுத்திருந்தா தாராளமா அதுக்கு இறக்கிக்கங்க, சில வண்டியில கொடுத்திருப்பாங்க. அப்படி எதுவும் இல்லேன்னா ஸ்டிக்கருக்குக் கீழ போக வேண்டாம்ங்கிறதுதான் என் கருத்து. ஏன்னா காலியா ஓட்டுறப்ப இறக்கின காத்தை, அவசரமா யாரோ கூப்பிட்டு ஒரு லோடு ஏத்துற அன்னைக்கு திரும்ப அடிக்க மறந்துடுறதுதான் மனுஷ இயல்பு. துள்ளல் தாங்கலாம், லோடோட டயர் சூடாகி ட்ரெட் பிரிஞ்சா தாங்க முடியாது.

எல்லாத்துக்கும் மேல, வண்டியை ஒரு தடவை எடை மேடையில ஏத்துங்க. முன் சக்கரம் மட்டும் மேடையில, அப்புறம் முழு வண்டி, அப்புறம் பின் சக்கரம் மட்டும். காலியா ஒரு தடவை, வழக்கமா ஏத்துற லோடோட ஒரு தடவை. டீசல் வண்டியில எஞ்சினே அவ்ளோ கனம், காலியா இருக்கும்போது பின்னாடியை விட முன்னாடிதான் எடை கூட காட்டும், இதைப் பார்த்து ஆச்சரியப்படாத ஆளே இல்ல. ஆக்சில் எடையை ரெண்டால வகுத்தா ஒரு டயர் மேல எவ்ளோன்னு வந்துடும், டயர் கம்பெனிங்க வெளியிடுற லோட் டேபிள்ல உங்க சைஸுக்கு நேரா அந்த எடையைத் தேடினா எவ்ளோ காத்துன்னு இருக்கும். அது குறைஞ்சபட்சம். இடது வலது எப்பவும் சரிசமமா இருக்காது, அதனால கொஞ்சம் கூடவே வைங்க. ஸ்டிக்கர் நம்பர் சரியா தப்பான்னு சந்தேகமே அதுக்கப்புறம் வராது.

கேள்வி: அண்ணே, கம்பெனி டயர் எல்டி275/65ஆர்20. லுக்குக்காக 35 இஞ்ச் மாத்தலாம்னு இருக்கேன், 35×12.50ஆர்20. பெரிய டயர்தானே, லோடு இன்னும் நல்லா தாங்கும்ல? காத்து பழையபடி 80 வச்சா போதுமா?

பதில்: தம்பி, நில்லுங்க, இந்தக் கேள்வியை மாட்டுறதுக்கு முன்னாடி கேட்டதே பெரிய விஷயம்.

உங்க கம்பெனி டயர் லோட் ரேஞ்ச் ஈயா இருந்தா அதோட லோட் இண்டெக்ஸ் 126, அதாவது 80 பிஎஸ்ஐல ஒரு டயருக்கு 1700 கிலோ. நீங்க சொல்ற 35 இஞ்ச் டயர் அதே லோட் ரேஞ்ச் ஈயில பெரும்பாலும் லோட் இண்டெக்ஸ் 121ல வரும், 1450 கிலோ, அதுவும் 65 பிஎஸ்ஐல. பார்க்க அகலமா முரட்டுத்தனமா இருக்கு, ஆனா ஒரு டயருக்கு 250 கிலோ குறையுது, ஒரு ஆக்சிலுக்கு அரை டன். இதுல ஆபத்து என்னன்னா கதவுல பழைய ஸ்டிக்கர் அப்படியே 80ன்னு ஒட்டிக்கிட்டு இருக்கும், யாராவது அதைப் பார்த்து 65 உச்சமா இருக்குற டயருக்கு 80 அடிச்சு விடுவாங்க. டயர் மாறினா ஸ்டிக்கர் நம்பர் உங்களுக்குப் பொருந்தாது, புது சைஸுக்கு டேபிளைப் பார்த்துத்தான் வைக்கணும்.

இதுக்கு வழியே இல்லாம இல்ல. அதே 35 சைஸ்ல லோட் ரேஞ்ச் எஃப் டயரும் இருக்கு, 80 பிஎஸ்ஐ வரைக்கும் போகும், இண்டெக்ஸ் 125ல கிடைக்கும். கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடும். ஆனா ரிம்மையும் பாருங்க. வெளிக்கடையில வாங்குற அலாய் வீலுக்குன்னு ஒரு லோடு லிமிட் இருக்கு, வீலோட பின்பக்கம் பதிச்சிருப்பாங்க, அது 1300 கிலோன்னு இருந்தா மேல நீங்க என்ன டயர் மாட்டினாலும் கணக்கு 1300தான். வால்வும் அப்படித்தான், காருக்குப் போடுற சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான் தாங்கும். 80 வைக்கிற வண்டிக்கு ஹை பிரஷர் வால்வோ, நட்டு போட்டு இறுக்குற மெட்டல் வால்வோ போடச் சொல்லிக் கேளுங்க, கேட்டாத்தான் போடுவாங்க.

ஸ்பீடோமீட்டர் விஷயம் உங்களுக்குப் பெருசா பாதிக்காது, ஏன்னா 275/65ஆர்20யே குறுக்க 34 இஞ்ச் இருக்கும். ஆனா 245/75ஆர்17ல இருந்து 35க்குத் தாவுறவங்க கவனிங்க, டயர் குறுக்களவு 11 சதவீதம் கூடுது, மீட்டர் 100 காட்டும்போது வண்டி 111ல போய்க்கிட்டு இருக்கும். இழுவையும் குறையும், பிரேக்கும் கூட நேரம் எடுக்கும். பின்னாடி டிரெய்லர் கட்டுற வண்டின்னா இந்த ஆசையையே விட்டுடுங்கன்னு சொல்லுவேன், லுக்கு மட்டும்தான் நோக்கம்னா உங்க இஷ்டம்.

கேள்வி: பத்து ப்ளைன்னா உள்ள நிஜமாவே பத்து அடுக்கு இருக்கா? சி, டி, ஈன்னு எழுத்து வருதே அது என்ன? கார் டயர் அதே சைஸ்ல மலிவா கிடைக்குதே, போடலாமா?

பதில்: பத்து அடுக்கெல்லாம் கிடையாது. அந்தக் காலத்துல பருத்தி நூல் அடுக்கு வச்சு டயர் பண்ணினப்ப வந்த பேச்சு அது, இப்ப ரேடியல் டயர்ல சைடுல ரெண்டு மூணு பாலியஸ்டர் அடுக்கும் ட்ரெட்டுக்கு அடியில ஸ்டீல் பெல்ட்டும்தான் இருக்கும். பலம் மட்டும் அந்தப் பழைய பத்து அடுக்குக்குச் சமம்னு அர்த்தம். 'சி'ன்னு இருந்தா ஆறு ப்ளை, பொதுவா 50 பிஎஸ்ஐ. டி எட்டு ப்ளை, 65. ஈ பத்து ப்ளை, 80. எஃப் பன்னண்டு ப்ளை, 95. ஆனா மேல பார்த்தீங்கல்ல, அகலமான சைஸ்ல ஈன்னு இருந்தும் 65லயே நிக்கும். அதனால எழுத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, சைஸ் பக்கத்துல இருக்குற லோட் இண்டெக்ஸ் நம்பரைப் பாருங்க. 125/122ன்னு ரெண்டு நம்பர் இருந்தா முதலாவது ஒத்தை டயருக்கு, ரெண்டாவது பின்னாடி இரட்டைச் சக்கரமா ஓடுறப்ப ஒவ்வொண்ணுக்கும்.

கார் டயர் வேண்டாம். சைஸுக்கு முன்னாடி எல்டிக்குப் பதிலா 'பி'ன்னு இருக்குற டயரை பிக்கப்ல போட்டா அதுல எழுதியிருக்குற சுமையை 1.1ஆல வகுக்கணும்னு அமெரிக்க விதியே இருக்கு, 1100 கிலோ டயர் 1000 கிலோ டயர் ஆயிடும். அரை டன் பிக்கப்ல பி டயர் கம்பெனியிலயே வரும், அது வேற. முக்கால் டன், ஒரு டன் வண்டிக்கு அது ஆகவே ஆகாது.

கேள்வி: காலையில பார்த்தா 70, மத்தியானம் ஹைவேல நிறுத்திப் பார்த்தா 80க்கு மேல காட்டுது. வெடிச்சிடுமோன்னு பயந்து கொஞ்சம் எடுத்து விட்டுட்டேன். சரிதானே?

பதில்: எடுக்கக் கூடாது. ஓடி சூடான டயர்ல பிரஷர் ஏறத்தான் செய்யும், அதையும் சேர்த்துத்தான் டயரை டிசைன் பண்ணியிருக்காங்க. சூட்டுல எடுத்து விட்டீங்கன்னா ஆறினதும் குறைவாகி நிக்கும், மறுநாள் அந்தக் குறைஞ்ச காத்தோட ஓட்ட, சைடு இன்னும் ஜாஸ்தி மடங்கி இன்னும் சூடாகும். எப்பவும் வண்டி குறைஞ்சது மூணு மணி நேரம் நின்ன பிறகுதான் செக் பண்ணணும், அதுவும் வெயில் ஒரு பக்கமா அடிக்காத இடத்துல. எடுத்து விட்டதை நாளைக்குக் காலையில முதல் வேலையா அடிச்சிடுங்க, அந்த 70 உங்க ஸ்டிக்கர் நம்பரை விடக் குறைவுன்னா அதையும் சேர்த்து.

இன்னொண்ணு, காருக்குச் சொல்ற கணக்கு இதுக்குச் செல்லாது. 35 பிஎஸ்ஐ கார் டயர்ல 10 டிகிரி செல்சியஸ் மாறினா 2க்கும் கொஞ்சம் கம்மியாத்தான் மாறும். 80 பிஎஸ்ஐ டயர்ல அதே 10 டிகிரிக்கு 3 பிஎஸ்ஐக்கு மேல மாறும், ஏன்னா உள்ள அடைச்சு வச்ச காத்து அவ்ளோ ஜாஸ்தி. 30 டிகிரி வெயில்ல கரெக்டா 80 வச்ச டயர், பனிக்காலத்துல 0 டிகிரிக்குப் போனா ஓட்டை எதுவும் இல்லாமலே 70, 71தான் காட்டும். சீசன் மாறுறப்ப கண்டிப்பா பாருங்க. கேஜ் 100 வரைக்கும் காட்டுறதா ஒண்ணு சொந்தமா வச்சுக்கங்க, கார் கேஜ்ல பாதி 60லயே முடிஞ்சிடும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பினா இந்தப் பிரச்சனையே இல்லையாமே?

பதில்: நீங்க சுவாசிக்கிற காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தாங்க. ஈரம் இல்லாம இருக்கும், கொஞ்சம் மெதுவா இறங்கும், அவ்ளோதான். வெப்பத்துக்கு அதுவும் ஏறும் இறங்கும். ஓசியா நிரப்பினா வேண்டாம்னு சொல்லாதீங்க.

கேள்வி: எங்க அப்பா பழைய ஒரு டன் வண்டி வச்சிருக்கார், பின்னாடி இரட்டைச் சக்கரம். உள் டயருக்கு காத்து செக் பண்ணச் சொன்னா, இரும்புக் கம்பியால ஒரு தட்டு தட்டிட்டு "நல்லா இருக்கும்மா"ங்கிறார். நம்பலாமா?

பதில்: அப்பா கோவிச்சுக்கக் கூடாது, ஆனா நம்பக் கூடாதும்மா. தட்டினா சுத்தமா இறங்கின டயர் எதுன்னு தெரியும், 80 வைக்க வேண்டியதுல 55 இருக்குறது தெரியாது. இரட்டைச் சக்கரத்துல இருக்குற சிக்கலே அதுதான், ஒண்ணுல காத்து குறைஞ்சா பக்கத்து டயர் அதோட பங்கையும் சேர்த்துத் தூக்கும், வண்டி சாயாது, ஸ்டியரிங் இழுக்காது, ஓட்டுறவருக்கு எதுவுமே தெரியாது. ஒண்ணு சுமை தாங்காம சூடாகும், இன்னொண்ணு காத்து இல்லாம மடங்கி மடங்கிச் சூடாகும். உள் டயர் வால்வுக்கு கை எட்டலேன்னா எக்ஸ்டென்ஷன் குழாய் வரும், மெட்டல்ல நல்லதா வாங்கி மாட்டிக் கொடுங்க, ரெண்டு பக்கமும் வாய் இருக்குற காத்தடிக்கிற கைப்பிடியும் கிடைக்கும். ஜோடி டயர் ரெண்டும் ஒரே தேய்மானமா இருக்கட்டும், குறுக்களவுல 6 மி.மீ.க்கு மேல வித்தியாசம் வேண்டாம், புதுசு ஒண்ணு பழசு ஒண்ணுன்னு ஜோடி சேர்த்தா உயரமா இருக்குறதுதான் மொத்தத்தையும் சுமக்கும்.

அப்புறம், அந்த வண்டியில காத்து குறைஞ்சா டாஷ்போர்டுல லைட் எரியும்னு நம்பி இருக்காதீங்க. 2000ல ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டியில ஃபயர்ஸ்டோன் டயர் ட்ரெட் பிரிஞ்சு உயிர் போன விவகாரம் பெருசாகி 65 லட்சம் டயரைத் திரும்ப எடுத்தாங்க, அந்த வண்டிக்கு 26 பிஎஸ்ஐ போதும்னு சொல்லியிருந்ததும் அப்ப பேச்சாச்சு. அதே வருஷம் அமெரிக்காவுல சட்டம் வந்து, அது வழியா 2007ல இருந்து புது வண்டிகளுக்கு டிபிஎம்எஸ் (காத்து குறைஞ்சா லைட் எரிய வைக்கிற அமைப்பு) கட்டாயம் ஆச்சு. ஆனா அந்த விதி மொத்த எடை 4536 கிலோ வரைக்கும் உள்ள வண்டிகளுக்குத்தான், இரட்டைச் சக்கர ஆக்சில் இருந்தா அதுவும் கிடையாது. லைட் இருக்குற வண்டியிலயும் 25 சதவீதம் குறைஞ்ச பிறகு எரிஞ்சாப் போதும்ங்கிறதுதான் விதி. 80 வைக்க வேண்டிய டயர் 62ல ஓடிக்கிட்டு இருக்கும், லைட் கம்முனு இருக்கும்.

கேள்வி: 4 டன் டிரெய்லர் இழுக்கணும். பின் டயர்ல எவ்ளோ கூட்டணும்? டிரெய்லருக்கு எவ்ளோ?

பதில்: சாதாரண கொக்கி டிரெய்லர்னா மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் கொக்கி மேல உக்காரணும், உங்களுக்கு 400ல இருந்து 600 கிலோ. ஆனா பின் ஆக்சில்ல அந்த 500 கிலோவோட நிக்காது. கொக்கி ஆக்சிலுக்குப் பின்னாடி ஒரு மீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, அங்க அமுக்கினா முன்பக்கம் லேசா தூக்கும், அப்படித் தூக்கின எடையும் பின் ஆக்சில் தலையிலதான் விழும். நீளமான வண்டியில 500 கிலோ கொக்கி எடைன்னா பின் ஆக்சில்ல 650 வரைக்கும் கூடலாம். இதுக்கு மேல பெட்ல (பின்னாடி லோடு ஏத்துற தொட்டி) சாமான், குடும்பம், டீசல் டேங்க். அதனால ஸ்டிக்கர்ல பின்னாடி இருக்குற முழு நம்பரையும் வச்சிட்டுப் போங்க, இதுல கஞ்சத்தனம் வேண்டாம். அஞ்சாவது சக்கரம்னு சொல்ற பெட்டுக்கு நடுவுல மாட்டுற டிரெய்லர்னா 15ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் வண்டி மேல வரும், அதுக்குக் கண்டிப்பா எடை மேடை.

டிரெய்லர்ல சைஸ் எஸ்டின்னு ஆரம்பிக்கிற, டிரெய்லருக்குன்னே செஞ்ச டயர் இருந்தா கதை வேற, அதுக்கு மட்டும் சைடுல போட்டிருக்குற உச்ச பிரஷரையே வைக்கிறதுதான் வழக்கம். வேகமும் டயர்ல வேற மாதிரி எழுதலேன்னா மணிக்கு 105 கி.மீ.க்கு மேல வேண்டாம். அந்த எஸ்டி டயரைக் கழட்டி பிக்கப்ல மாட்டலாமான்னு இன்னொரு வாசகர் கேட்டிருக்கார். கூடாது.

கேள்வி: ஆல் டெரெய்ன் வாங்கவா, ஹைவே டயரா? மட் டயர் பார்க்க சூப்பரா இருக்கே.

பதில்: தார் ரோட்டுலயே 90 சதவீதம்னா ஹைவே டயர்தான். சத்தம் கம்மி, நல்லா உழைக்கும், ஈர ரோட்டுல பிரேக் பிடிக்கும். சைட்டு, தோட்டம், சரளைன்னு அடிக்கடி இறங்குறவங்களுக்கு ஆல் டெரெய்ன், அதுலயும் பனி கொட்டுற இடம்னா மூணு சிகர மலையும் பனிப்படிகமும் போட்ட சின்னம் இருக்கான்னு பாருங்க, வெறும் எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) எழுத்து பெரிய உத்தரவாதம் இல்ல. மட் டயர் சேத்துல வாழுறவங்களுக்கு. மத்தவங்களுக்கு அது தினமும் காதுல விமானம் ஓட்டுற வேலை.

கேள்வி: ஸ்டெப்னி புதுசா இருக்கு, ஒரு கிலோமீட்டர் கூட ஓடல. பழசானா என்ன, ட்ரெட் அப்படியே இருக்கே?

பதில்: டயர் சைடுல டிஓடின்னு ஆரம்பிக்கிற வரியில கடைசி நாலு நம்பரைப் பாருங்க. 2316ன்னா 2016ம் வருஷம் 23வது வாரம் செஞ்சது. ஓடாட்டியும் ரப்பர் இறுகும், வெடிப்பு விடும். ஆறு வருஷம் தாண்டினா மாத்துங்கன்னு பல வண்டிக் கம்பெனிங்க சொல்றாங்க, பத்து வருஷத்தைத் தாண்டி எந்த டயரையும் வச்சுக்க வேண்டாம்னு டயர்க்காரங்களே சொல்றாங்க. வண்டிக்கு அடியில தொங்குற ஸ்டெப்னிக்கு காத்து செக் பண்றவங்க ரொம்பக் கம்மி, அதுக்குப் பின் டயர் அளவுக்கு அடிச்சு வைங்க, முன்னாடி மாட்ட வேண்டி வந்தா இறக்கிக்கலாம், நடு ரோட்டுல ஏத்துறதுதான் கஷ்டம்.

கேள்வி: டயர் ரொட்டேஷன் பண்ணிட்டு வந்ததுல இருந்து ஸ்டியரிங் கனமா இருக்கு, பின்பக்கம் துள்ளுது. அலைன்மென்ட் போச்சா?

பதில்: அலைன்மென்டுக்கு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி கேஜை எடுங்க. முன்னாடி 60, பின்னாடி 80 வைக்கிற வண்டியில டயரை மட்டும் இடம் மாத்திட்டு காத்தை அப்படியே விட்டா என்ன ஆகும்? 80 முன்னாடி, 60 பின்னாடின்னு தலைகீழா இருக்கும். ரொம்ப இடத்துல இதுதான் நடக்குது. உங்க வண்டியில அப்படியே இருந்தா முன்பக்கம்தான் துள்ளும், பின்பக்கம் துள்ளி ஸ்டியரிங்கும் கனமா இருக்குன்னா முன்னாடி காத்து ரொம்பக் குறைஞ்சு பின்னாடி ஏறியிருக்கான்னு பாருங்க. நாலையும் ஸ்டிக்கர்படி வச்சு ஒரு நாள் ஓட்டுங்க, அப்பவும் கனமா இருந்தா அலைன்மென்ட். டிபிஎம்எஸ் இருந்தா சென்சாருக்கு இடம் மாறினதைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, இல்லேன்னா முன் டயர் இறங்கினா பின்னாடின்னு காட்டும். சக்கரத்தைக் கழட்டி மாட்டின எந்த வேலைக்கும் பிறகு 160 கி.மீ. ஓடுறதுக்குள்ள டார்க் ரெஞ்ச் (எவ்ளோ இறுக்குறோம்னு காட்டுற ஸ்பேனர்) வச்சு நட்டை ஒரு தடவை திரும்ப இறுக்குங்க, எவ்ளோ டார்க்குன்னு மேனுவல்ல இருக்கும், இரட்டைச் சக்கர வண்டின்னா இதை மறக்கவே கூடாது.